கிழிந்த தோளும் 240 வீச்சும்: சால்மன் ஆற்றுக்குத் திரும்பிய ஒருவரின் நிகழ்வு ஆய்வு

ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றில் சால்மன் பிடிக்க இறங்குபவர் மணிக்குச் சுமார் 40 முறை ராடை (தூண்டில் கோலை) வீசுகிறார். ஒரு வீச்சு; ஃப்ளை எனப்படும் இறகுத் தூண்டில் ஆற்றின் குறுக்கே வளைந்து கரையோரம் வந்து சேர ஒரு நிமிடத்துக்கு மேல்; பிறகு ஓரடி கீழே நகர்ந்து அடுத்த வீச்சு. ஆறு மணி நேரம் நின்றால் 240 வீச்சு. தோள் அறுவை சிகிச்சை முடிந்தவரை ஆற்றுக்குத் திருப்பி அனுப்பும்போது இந்த எண்ணை யாரும் கேட்பதில்லை. கை எவ்வளவு உயரம் போகிறது, எவ்வளவு எடை தூக்குகிறது என்று பார்த்துவிட்டு, "இனி மீன் பிடிக்கப் போகலாம்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

இதில் வரும் நோயாளி ஒரே மனிதர் அல்லர். இதே காயத்தோடு இதே விளையாட்டுக்குத் திரும்புவோரிடம் மறுபடி மறுபடி தென்படும் போக்கை ஒருவர் மேல் ஏற்றி எழுதியிருக்கிறது. வாரக் கணக்கையும் அளவுகளையும் பொதுப்போக்காகவே எடுத்துக்கொள்ளவும். அறுவை செய்த மருத்துவர் வேறு வரம்பு சொல்லியிருந்தால் அவர் சொன்னதே செல்லும்.

காயம்

58 வயது ஆண், பண்ணை வேலை, வலது கைப் பழக்கம். 30 ஆண்டுகளாக 15 அடி இரட்டைக் கை ராடில் மீன் பிடிப்பவர். ஆகஸ்டில் க்ரௌஸ், அக்டோபருக்குப் பின் ஃபெசன்ட் பறவை வேட்டை. செப்டம்பர் தொடக்கத்தில் தொடையளவு நீரில் பாசி படிந்த உருண்டைக் கல்லில் கால் வழுக்கி வலப்புறம் சாய்ந்தார். விழாமல் இருக்க நீட்டிய வலது கை ஒரு பாறையில் ஊன்றியது. உடல் எடை முழுவதும் அந்தத் தோளில் இறங்கியது.

அவசரப் பிரிவில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறிவு இல்லை. கையைத் தொங்கவிடும் பட்டை, வலி மாத்திரை, வீடு. இப்படித்தான் பலருக்கும் முதல் சில வாரங்கள் வீணாகின்றன. 40 வயதைத் தாண்டியவர் விழுந்தபின் கையைத் தானாகத் தூக்க முடியவில்லை, எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றால், தசைநாண் கிழிந்திருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ விரைவில் எடுக்க வேண்டும். மாதக்கணக்கில் விட்டால் கிழிந்த நுனி உள்ளே சுருங்கிவிடும், தசையில் கொழுப்பு படியும். பிறகு தைத்தாலும் ஒட்டும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.

இவருக்கு இரண்டாம் வாரத்தில் பரிசோதனை நடந்தது. பிறர் தூக்கினால் கை முழு உயரம் போகிறது; தானாகத் தூக்கினால் 60 பாகையில் நிற்கிறது. முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து முன்கையை வெளிப்புறம் தள்ளச் சொன்னால் இடது கையின் வலிமையில் பாதிகூட இல்லை. தோளின் வெளிப்புறத் தோலில் உணர்ச்சி சரியாக இருந்தது. விழுந்தவரிடம் நரம்பும் அடிபட்டிருக்கலாம் என்பதால் இதைப் பார்க்காமல் விடக் கூடாது. எம்.ஆர்.ஐ.யில் சுப்ராஸ்பினேட்டஸ் தசைநாண் முழுக் கனத்துக்கும் கிழிந்து, முன்பின் அளவு 2.5 செ.மீ. இருந்தது. நுனி அதிகம் சுருங்கவில்லை. மேல்கை முன்தசையான பைசெப்ஸின் நீள நாண் நைந்திருந்தது.

தோள் மூட்டைச் சுற்றி நான்கு சிறு தசைகளின் நாண்கள் ஒரு குல்லாய் போலப் படர்ந்து மேல்கை எலும்பின் தலையைக் குழிக்குள் பிடித்து வைத்திருக்கின்றன. இதுதான் ரொட்டேட்டர் கஃப். அதில் உச்சியில் இருப்பது சுப்ராஸ்பினேட்டஸ். முதலில் கிழிவதும் பெரும்பாலும் அதுவே. அக்டோபர் நடுவில் துளைவழி அறுவையில் நாணை எலும்போடு இரட்டை வரிசை ஆணிகளில் தைத்தார்கள். பைசெப்ஸ் நாணை அதன் பழைய இடத்திலிருந்து விடுவித்து மேல்கை எலும்பில் பதித்தார்கள். இந்த இரண்டாவது வேலையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கை ராடின் மேலே இருக்க வேண்டும் என்ற பேச்சில் அது திரும்ப வரும்.

அவர் கேட்டது ஒன்றுதான்: மே மாதம் ஸ்பேயில் பதிவு செய்து வைத்த ஒரு வாரம். அறுவையிலிருந்து கணக்கிட்டால் 30ஆம் வாரம்.

வீச்சு தோளிடம் கேட்பது என்ன

ஸ்பே ஆற்றின் கரைகள் பல இடங்களில் செங்குத்தானவை, முதுகுப் பக்கம் மரம். லைனை (தூண்டில் கயிற்றை) பின்னால் நீட்ட இடம் இருக்காது. அதனால் 19ஆம் நூற்றாண்டில் அந்த ஆற்றங்கரையிலேயே உருவான முறைதான் ஸ்பே வீச்சு. லைனின் நுனிப்பகுதி நீரில் நங்கூரம்போல் ஒட்டியிருக்க, மீதி லைன் ராடுக்குப் பின்னால் ஆங்கில 'டி' எழுத்துபோல் வளைந்து நிற்கும். அந்த வளைவின் எடை ராடை வளைக்கும். ராடு நிமிரும்போது லைன் முன்னே பறக்கும்.

இரண்டு கைக்கும் வேலை வேறு. கீழ்க்கை ராடின் அடிக்கட்டையை வயிற்றருகே பிடித்து உள்ளே இழுக்கும். மேல்கை, அதாவது ராடின் மேற்பிடியில் இருக்கும் கை, தோள் உயரத்தில் நின்று வழிகாட்டும். நன்றாக வீசுபவரிடம் விசையில் பெரும்பங்கு கீழ்க்கையிலிருந்து வரும். 30 ஆண்டுப் பழக்கக்காரர்கள் பலர் மேல்கையால் தள்ளித்தான் வீசுகிறார்கள், இவரும் அப்படித்தான்.

ஒரு சின்னக் கணக்கு. 13 அடி ராடின் நுனி, கீழ்க்கையிலிருந்து ஏறக்குறைய 3.9 மீட்டர். மேல்கை கீழ்க்கையிலிருந்து 55 செ.மீ. மேலே. நுனியில் லைன் 200 கிராம் இழுத்தால் மேல்கையில் அது 1.4 கிலோவாக விழுகிறது. ராடு வளைவதால் நடைமுறையில் சற்றுக் குறையும், ஆனால் விகிதம் அந்த ரகம்தான். கீழ்க்கையிலும் கிட்டத்தட்ட அதே விசை விழும். ஆனால் அந்தக் கையின் முழங்கை இடுப்போடு ஒட்டி இருக்கிறது, தைத்த நாணுக்கு அது சுகமான இடம். மேல்கையோ உடலைவிட்டு விலகி உயர்ந்து நிற்கிறது. சுப்ராஸ்பினேட்டஸுக்கு அதைவிடக் கடினமான இடம் கிடையாது. ராடின் எடையை மட்டும் பார்த்து, "கால் கிலோதானே" என்று விட்டுவிடுபவர்கள் இந்த நெம்புகோலை மறந்துவிடுகிறார்கள்.

ஆகவே முடிவு: வலது தோள் அறுவையானவர் இடது கையை மேலே வைத்து வீசக் கற்க வேண்டும். இதில் ஒரு நிபந்தனை உண்டு. பைசெப்ஸ் நாணைப் பதித்திருப்பதால், வலது கை கீழ்க்கையாகி முழங்கையை மடக்கி இழுப்பதும் முதல் 12 வாரங்களுக்கு ஆகாது. அந்த அறுவை இல்லாதவருக்கு இந்தத் தடை தளரலாம். அறுவைக் குறிப்பைப் படிக்காமல் "கீழ்க்கைதானே, ஒன்றும் ஆகாது" என்று சொல்வது தவறாகப் போகும்.

எந்தத் தோள் பக்கம் வீசுவது என்பது காற்றையும் கரையையும் பொறுத்தது. காற்று லைனை உடலைவிட்டு விலக்கித் தள்ள வேண்டும்; உடல்மேல் தள்ளினால் முள் முகத்தில் பாயும். நீரோட்டத் திசையில் பார்த்து நின்றால் இடப்பக்கம் இருப்பது இடக்கரை. அந்தக் கரையில் ஆற்றைப் பார்த்து நின்றால் நீர் வலமிருந்து இடமாக ஓடும். காற்றும் ஆற்றோடு கீழ்நோக்கி வீசினால் இடது தோள் பக்கம் டபுள் ஸ்பே (லைனை நடுவில் ஒருமுறை நீர்மேல் படுக்கவைத்து வீசும் வகை) வீசலாம், இடது கை மேலே. வலக்கரையில் காற்று மேல்நோக்கி எதிர்த்து வீசும் நாளில் இடது தோள் பக்கம் சிங்கிள் ஸ்பே (இடையில் நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக வீசும் வகை). மற்ற இரு நிலைகளிலும் வலது தோள் பக்கம்தான் வீச வேண்டியிருக்கும். அந்த நாட்களுக்குத் திட்டத்தில் முதலிலிருந்தே பாதி அளவுதான் எழுதப்பட்டது.

முதல் 12 வாரம்

6 வாரம் பட்டை, தூக்கத்திலும். விரல், மணிக்கட்டு அசைவு. முழங்கையை மறுகை உதவியோடு மட்டும் மடக்கி நீட்டுதல். மேசைமேல் துண்டை விரித்துக் கையை வைத்து முன்னே சறுக்குதல், வலி எட்டும் முன் நிறுத்துதல். 6ஆம் வாரத்திலிருந்து குச்சி பிடித்து நல்ல கையால் கெட்ட கையை உயர்த்துதல். 12ஆம் வாரம்வரை கையில் எடை கிடையாது.

கால்களுக்கு இரண்டாம் வாரமே வேலை தொடங்கிவிட்டது: நிலை மிதிவண்டி 20 நிமிடம், பிறகு படியேற்றம், நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுதல், ஒற்றைக் காலில் நிற்றல். அவர் விழுந்ததற்குக் காரணமே கால்தான். தோளைத் தைத்துவிட்டு அதே தள்ளாடும் காலோடு அதே கல்மேல் அனுப்புவதில் பொருளில்லை. 8ஆம் வாரத்தில் கண்ணை மூடி ஒற்றைக் காலில் 6 வினாடி நின்றார். 20ஆம் வாரத்தில் மெத்தென்ற திண்டின்மேல் 20 வினாடி.

இந்தக் காலத்தில் தையலைக் கெடுப்பவை பயிற்சி அறைக்கு வெளியேதான் இருக்கின்றன. லாப்ரடார் நாயின் கயிறு: முயலைப் பார்த்ததும் ஒரு வெட்டு வெட்டி இழுக்கும். நாயை வேறு யாராவது நடத்திச் செல்வதே நல்லது. முடியாவிட்டால் இடது கையில், குட்டையான கயிற்றில். ரப்பர் காலணியைப் பிடித்து இழுத்துக் கழற்றுவது இன்னொன்று. படகு மோட்டாரின் கயிற்றை இழுத்துக் கிளப்புவது மூன்றாவது. பண்ணைக்காரர் என்பதால் வைக்கோல் கட்டும் இருந்தது. அதற்கு 6 மாதம் முழுத்தடை.

10ஆம் வாரத்தில் வலி ஏறக்குறைய நின்றுவிட்டது. இந்தக் காயத்தில் ஆபத்தான கட்டம் இதுவே. நாண் எலும்போடு ஒட்டிப் பிடிக்கக் குறைந்தது 12 வாரம் ஆகும். அதன்பின்னும் பல மாதம் முற்றிக்கொண்டிருக்கும். மறுகிழிவுகளில் பெரும்பாலானவை முதல் 6 மாதத்துக்குள் நிகழ்கின்றன, அவற்றில் பல வலியே இல்லாமல். வலி போனதை ஒட்டியதற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டு ராடைத் தொடுபவர்கள்தான் பெரும்பாலும் திரும்பி வருகிறார்கள். இவரும் கேட்டார், "பிப்ரவரி 11ஆம் தேதி ஆறு திறக்கிறதே, கரையோரம் நின்று சும்மா நாலு வீச்சு?" என்று. அன்று 17ஆம் வாரம். மறுக்கப்பட்டது.

12 முதல் 20 வாரம்

ரப்பர் பட்டையில் வெளிச்சுழற்சி (முழங்கையை விலாவோடு ஒட்டி முன்கையை வெளியே தள்ளுதல்), உள்சுழற்சி, பின்னிழுப்பு. 15 முறை, 3 சுற்று, ஒன்றுவிட்டு ஒருநாள். பக்கவாட்டில் படுத்து அரை கிலோவில் வெளிச்சுழற்சி. 20ஆம் வாரத்தில் 2 கிலோ. சுவரில் கைவைத்துத் தள்ளித் தோள்பட்டை எலும்பை விலாவோடு படியவைத்தல். இவற்றோடு இடுப்புத் திருப்பம்: ஸ்பே வீச்சில் டி வளைவை உண்டாக்குவது உடம்பின் சுழற்சிதான், தோள் அதற்குப் பின்னால் வர வேண்டும். மார்பு முதுகுத்தண்டு இறுகிப்போன 58 வயதுக்காரர் உடம்பைத் திருப்பாமல் கையை மட்டும் பின்னே கொண்டுபோவார். அந்தக் குறையைத் தோள் சுமக்கும்.

ராடைத் தொடும் முன் கடக்க வேண்டிய வரம்புகள்: தானாக உயர்த்தல் 150 பாகை, வெளிச்சுழற்சி வலிமை கைப்பிடி அளவியில் இடது கையின் 80 விழுக்காடு, அந்தத் தோள்மேல் புரண்டு படுத்தாலும் விழிப்பு இல்லாத இரவுகள், ஒரு கிலோவை முகத்துக்கு நேரே தூக்கித் தோள் காதை நோக்கி ஏறாமல் 10 முறை இறக்குதல். 20ஆம் வாரத்தில் நான்கையும் கடந்தார். வலியையும் அன்றாட வேலையையும் கேட்டுப் போடும் ஆக்ஸ்ஃபோர்ட் தோள் மதிப்பெண் (கூடினால் நல்லது) அறுவைக்கு முன் 48க்கு 15.

ராடு கையில்

15 அடி ராடு பெட்டியிலேயே இருக்க, 11 அடி 7ஆம் எண் (எண் கூடினால் லைனின் எடை கூடும்) ஸ்விட்ச் ராடு, அதாவது ஒரு கையாலும் இரு கையாலும் வீசக்கூடிய ராடு, ஒன்றை இரவல் வாங்கினார். மிதக்கும் குட்டை ஹெட் (லைனின் கனமான முன்பகுதி) லைன், ஓட்டமில்லாத ஏரி. புல்வெளியில் வீசிப் பழகலாமே என்று பலர் நினைப்பார்கள். ஸ்பே வீச்சுக்கு நீரின் பிடிப்பு வேண்டும். புல்லில் நங்கூரம் நிற்காமல் லைன் வழுக்கும், வீசுபவர் அதை வேகத்தால் ஈடுகட்டப் பார்ப்பார். தோளுக்குத் தேவையில்லாத பாடம் அது.

இடது கை மேலே, 20 வீச்சு, அவ்வளவுதான். வாரம் மூன்று நாள். 20, 30, 40, 60 என்று ஏற்றம். விதி எளிது: வீசும்போது வலி பத்தில் 2ஐத் தாண்டக் கூடாது, மறுநாள் காலை எழும்போது பழைய நிலைக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லையா, அடுத்த நாள் அளவு பாதி. இடுப்புவாரில் பேருந்து நடத்துநர் விரலால் அழுத்துவது போன்ற ஒரு எண்ணும் கருவி மாட்டப்பட்டது. மனக்கணக்கில் விட்டால் மீன் குதிக்கும் மாலையில் யாருக்கும் எண்ணிக்கை நினைவிருக்காது.

புதிய கையில் முதல் மூன்று நாள் லைன் காலடியில் குவிந்தது. கைதேர்ந்தவருக்கு இது சங்கடமான கட்டம். ஆனால் ஒரு நன்மை உண்டு: பழைய பக்கத்தில் 30 ஆண்டுத் தவறுகள் ஊறிக் கிடக்கின்றன, புதிய பக்கத்தில் ஒன்றும் இல்லை. கீழ்க்கையால் இழுப்பதை இடது பக்கத்தில் அவர் சுத்தமாகக் கற்றார். 24ஆம் வாரத்தில் வலது கையை மேலே வைத்து 10 வீச்சு கொடுத்துப் பார்த்தபோது அதே முறை இந்தப் பக்கமும் தொற்றியிருந்தது. முழங்கை விலாவை விட்டு விலகவில்லை, மேல்கை காதுக்கு மேலே போகவில்லை.

26ஆம் வாரம்: பின்னடைவு

ஏப்ரல் நடு. 13 அடி, 8ஆம் எண் ராடு, 33 கிராம் ஹெட். ஆற்றில் முதல் நாள். அனுமதித்த அளவு 60. எண்ணும் கருவி மாலையில் 58 காட்டியது. அப்படியும் அன்றிரவு வலி 5, வலப்பக்கம் படுக்க முடியவில்லை. மறுநாள் கையை உயர்த்தும்போது நடுவில் 70 முதல் 110 பாகைவரை சுருக்கென்றது.

எண்ணிக்கை சரி, லைன் வேறு. மலைப்பனி உருகி ஆறு ஏறியிருந்தது, நீரின் வெப்பம் 5 பாகை செல்சியஸ். அந்த நீரில் மீன் அடியில் கிடக்கும், ஃப்ளையைக் கீழே கொண்டுபோக வேண்டும். கில்லி (ஆற்றோரப் பகுதியைப் பராமரித்து விருந்தினருக்கு வழிகாட்டும் பணியாளர்) நல்ல எண்ணத்தோடுதான் 15 அடி நீளமுள்ள, வேகமாக மூழ்கும் நுனி லைனையும் பித்தளைக் குழல் ஃப்ளையையும் கட்டிக் கொடுத்தார். மீன் பிடிக்கும் கண்ணோடு பார்த்தால் சரியான முடிவு. ஆனால் மூழ்கிக் கிடக்கும் லைனை நேராக மேலே தூக்கினால் தூக்குவது லைனை மட்டும் இல்லை, அதன்மேல் நிற்கும் நீரையும்தான். நுனியில் ஏறும் ஒவ்வொரு 100 கிராமும் மேல்கையில் ஏழு மடங்கு என்ற கணக்கு இங்கே வந்து நிற்கிறது. மதியத்துக்குமேல் காற்று திரும்பியதால் 58இல் 30 வீச்சு வலது கை மேலே இருக்க வீசியவை. லைன் நீரைவிட்டு வராதபோது முழங்கை வெளியே விரிந்தது, கை காதைத் தாண்டி ஏறியது. உடல் பழைய பழக்கத்துக்கு ஓடிவிட்டது.

அல்ட்ராசவுண்டில் தையல் முழுமையாக இருந்தது. நாணுக்கு மேலுள்ள திரவப் பையில் வீக்கம். 10 நாள் ராடு இல்லை. பயிற்சிகள் பாதி எடையில் தொடர்ந்தன. முழு ஓய்வு கொடுத்திருந்தால் தோள் இறுகியிருக்கும்.

திருத்தங்களில் முதன்மையானது லைனை எழுப்பும் முறை. மூழ்கும் நுனி லைன் என்றால் இப்படி: ஃப்ளை கரைக்கு நேராக வந்து நின்றதும், ஹெட்டின் பின்முனை ராடு நுனிக்குள் வரும்வரை கையால் லைனை இழுத்துச் சேர்க்க வேண்டும். அடுத்து ராடை மெல்ல உயர்த்தி, கீழாற்றை நோக்கி ஒரு உருட்டு வீச்சு. இதில் லைன் முழுதும் நீர்மேல் வந்து நீளும். அது மறுபடி மூழ்குவதற்குள், இரண்டு வினாடிக்குள், டபுள் ஸ்பேயைத் தொடங்க வேண்டும். தாமதித்தால் உருட்டியது வீண். ஸ்நாப்-டி வேண்டாம்: அதில் ராடு நுனியை வெடுக்கென மேலேற்றிக் கீழே வெட்ட வேண்டும், தைத்த தோளுக்கு அது ஆகாது. டபுள் ஸ்பேயில் லைன் நடுவில் நீர்மேல் படுத்துக் காத்திருக்கிறது. வீசுபவரும் மூச்சு வாங்கி முழங்கையைப் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, கணக்கு மாறியது. மூழ்கும் நுனி லைனில் ஒரு வீச்சு இரண்டாகவும், வலது கை மேலே இருந்தால் ஒன்றரையாகவும், இரண்டும் சேர்ந்தால் மூன்றாகவும் எண்ணப்பட்டது. இது ஆய்வகத்தில் அளந்து எடுத்த விகிதம் இல்லை, வேலைக்கு உதவும் ஒரு தோராயம். அந்த ஏப்ரல் நாளை இந்தக் கணக்கில் போட்டால், இடது கை மேலே வீசிய 28க்கு 56, வலது கை மேலே வீசிய 30க்கு 90, மொத்தம் 146. அனுமதித்ததோ 60.

மூன்றாவது குளிர். 5 பாகை நீரில் ஒன்றரை மணி நேரம் நின்றவரின் தோள்தசை விறைத்திருக்கும். 45 நிமிடத்துக்கு ஒருமுறை கரையேறி, பத்து நிமிடம் நடந்து, சூடாக எதையாவது குடித்துவிட்டுத்தான் மறுபடி இறங்குவது.

நீரில் நிற்பது

ஊன்றுகோல் இடது கையில், மேலாற்றுப் பக்கம் ஊன்றும்படி. ஊன்றிய கோல் நின்றபின்தான் கால் நகரும். பக்கவாட்டில் நின்று, காலைத் தூக்காமல் தரையைத் தடவி நகர்த்த வேண்டும். ஆணி பதித்த அடிப்பகுதியுள்ள காலணி. மார்பளவு நீர்க்காப்பு உடையின் மேல் இடுப்புவார் இறுக்கமாக, இல்லாவிட்டால் விழுந்ததும் நீர் உள்ளே நிரம்பும். நீரில் பட்டதும் தானாக ஊதும் மிதவைச் சட்டை கட்டாயம். ஒரு கை பலவீனமானவரால் நீச்சலில் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாது. விழுந்தால் மல்லாந்து, கால் கீழாற்றை நோக்கி, நீர் மெதுவாகும் இடம்வரை மிதக்க வேண்டும். கையை ஊன்றி எழ முயலக் கூடாது. முதல் காயமே அப்படித்தான் வந்தது. இவருக்கு இந்தப் பருவம் முழுவதும் முழங்காலளவு நீர்தான் எல்லை.

கோடீன் போன்ற வலி மாத்திரை போட்ட நாளில் ஆறும் கிடையாது, துப்பாக்கியும் கிடையாது.

மே வாரம்

ஸ்காட்லாந்தில் ஞாயிற்றுக்கிழமை சால்மன் பிடிக்கத் தடை, ஆகவே திங்கள் முதல் சனி. திங்கள் 60, செவ்வாய் 80, புதன் ஓய்வு, வியாழன் 80, வெள்ளி 100, சனி நிலைமைப்படி. நீர் இறங்கித் தெளிந்திருந்ததால் ஐந்து நாளும் மிதக்கும் லைன் போதும் என்றாகிவிட்டது. அதிர்ஷ்டம்தான், ஆறு ஏறியிருந்தால் திங்கள்கிழமைக் கணக்கு 30ஓடு நின்றிருக்கும்.

வெள்ளி மாலை மீன் பிடித்தது. ஏறக்குறைய 10 பவுண்ட். மீன் இழுக்கும்போது ராடை இரு கையாலும் தலைக்கு மேல் உயர்த்திப் பிடிப்பது புகைப்படத்துக்கு அழகு, தோளுக்குக் கேடு. அடிக்கட்டையை இடுப்பில் ஊன்றி, ராடைப் பக்கவாட்டில் தாழ்த்தி, மீனுக்கு நேராக இருக்கும்படி கரையோரம் கீழே நடந்தார். பக்க இழுப்பில் மீன் சீக்கிரம் களைக்கும். வாலைப் பிடித்துத் தூக்குவதற்குக் கையை நீட்டவில்லை. முடிச்சில்லா வலையை கில்லி நீரிலேயே பிடித்தார், கொக்கியின் எதிர்முள் முன்பே நசுக்கப்பட்டிருந்ததால் ஒரு திருகலில் முள் கழன்றது. தலை நீரோட்டத்தை எதிர்த்து இருக்கும்படி தாங்கிப் பிடித்திருந்து, மீன் தானாக உதறிக்கொண்டு போனதும் விட்டார்கள். ஏப்ரல் 1க்கு முன் பிடிபடும் சால்மனை ஸ்காட்லாந்து முழுவதும் திருப்பி விட்டே ஆக வேண்டும். பிறகு ஆற்றின் தரநிலையைப் பொறுத்தது. ஆனாலும் இன்றைய சால்மன் எண்ணிக்கையைப் பார்த்தால் எப்போது பிடித்தாலும் விடுவதே நியாயம்.

வீசவே முடியாத தோளோடு வருபவருக்கும் வழி இருக்கிறது. ஸ்காட்லாந்தின் டே ஆற்றில் ஹார்லிங் என்றொரு பழைய முறை: படகின் பின்புறம் ராடுகளைப் பொருத்திவிட்டு, படகோட்டி ஆற்றின் குறுக்கே இங்குமங்கும் ஓட்டிச் செல்வார், தூண்டில்காரர் உட்கார்ந்திருக்கலாம். 1922 அக்டோபர் 7 அன்று ஜார்ஜினா பாலன்டைன் அந்த ஆற்றில் படகில் இருந்துதான் 64 பவுண்ட் சால்மனைப் பிடித்தார். தூண்டிலில் பிடித்த பிரிட்டிஷ் சால்மனில் இன்றும் அதுதான் பெரியது. போராட்டம் இரண்டு மணி நேரத்துக்கு மேல். ஹார்லிங்கில் வீச்சு இல்லை, ஆனால் பிடித்தபின் தோளுக்கு விலக்கு இல்லை. ராடை அடுத்தவரிடம் கொடுக்கும் ஏற்பாட்டை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

துப்பாக்கி

இதற்கு மீன்பிடியைவிட நேரம் பிடித்தது. வலது கண் ஆளுமை உள்ளவர், தோள் மாற்றிச் சுட முடியாது. உதைப்பு நேராக அறுவைத் தோளில்தான் விழும். முன்பக்கத் துளையின் தழும்பு கட்டை பதியும் குழிக்கு அருகில் இருந்தது. 34ஆம் வாரம்வரை அந்த இடத்தை விரலால் அழுத்தினாலே கூசியது.

32ஆம் வாரத்தில், காலி என்று இருமுறை சரிபார்த்த துப்பாக்கியை ஏந்திப் பழகுதல்: 10 முறை, 3 சுற்று. 3 கிலோவுக்கு மேல் உள்ள பொருளை உயர்த்துவது முன்னே பிடிக்கும் இடது கை. வலது கை கட்டையைக் கன்னத்துக்கும் குழிக்கும் கொண்டுவருகிறது. கட்டை வெளியே நழுவிப் புயத் தசையில் பதிந்தால் அந்த ஒரு குண்டிலேயே நீலம் பாரிக்கும். சோர்ந்த கை செய்யும் தவறும் அதுவே. 36ஆம் வாரம் களிமண் தட்டு இலக்கு, 12 போர் எனப்படும் குழாய் அளவுள்ள துப்பாக்கியில் 21 கிராம் குண்டு, 25 சுடுகை, விலகிப் போகும் தாழ்ந்த இலக்குகள் மட்டும். 40இல் 28 கிராம்.

ஆகஸ்ட் 12, க்ரௌஸ் பருவத் தொடக்கம், 43ஆம் வாரம். க்ரௌஸ் தாழ்வாக, முன்னாலிருந்து வரும். கை உயரம் குறைவு, ஆனால் திருப்பம் வேகம். ஃபெசன்ட் தலைக்குமேல் உயரத்தில் வரும். அதற்குக் கையை நீண்ட நேரம் மேலே நிறுத்த வேண்டும். ஆகவே க்ரௌஸ் முதலில், ஃபெசன்ட் நவம்பரில். முதல் நாள் நான்கு சுற்றில் இரண்டுக்கு மட்டும் நின்றார், மற்ற இரண்டில் நாயோடு பறவை பொறுக்கினார். இங்கே பாதுகாப்பு ஒருவருடையது மட்டும் இல்லை. களைத்த தோளில் குழாய் முனை தாழும், சுழற்சி பாதியில் நிற்கும். பக்கத்தில் வரிசையாக ஆட்கள் நிற்கிறார்கள். குழாய் ஒருமுறை தாழ்ந்தாலும் அன்றைக்கு அதோடு முடிந்தது என்று முன்பே ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தது.

மான் வேட்டையில் சுட்ட மானை மலைச்சரிவில் இழுத்து வருவது 12 மாதத்துக்கு விலக்கப்பட்டது. வெட்டி வெட்டி இழுக்கும் சுமை அது, எந்தப் பயிற்சிப் பட்டையாலும் அதற்குத் தயார்படுத்த முடியாது.

12 மாத முடிவில்

உயர்த்தல் 165 பாகை, வெளிச்சுழற்சி வலிமை இடது கையின் 92 விழுக்காடு, ஆக்ஸ்ஃபோர்ட் மதிப்பெண் 44. அல்ட்ராசவுண்டில் தையல் முழுமை. செப்டம்பர் கடைசி வாரத்தில் 13 அடி ராடில் ஒரு நாளில் 160 வீச்சுவரை வலியின்றிப் போனார். 240ஐத் தொடவில்லை, தொட வேண்டும் என்று கேட்கவும் இல்லை. 15 அடி ராடு, ஆறு அகலமாகி 10ஆம் எண் லைன் தேவைப்படும் நாட்களுக்கு மட்டும், 40 வீச்சு எல்லையோடு. எண்ணும் கருவியை இன்னும் வாரில்தான் மாட்டியிருக்கிறார். இடது கையை மேலே வைத்து வீசுவதே இப்போது அவருக்கு நேரான வீச்சு. வலக்கரையில் காற்று கீழ்நோக்கித் திரும்பினால் இடத்தை மாற்றச் சொல்லி கில்லியிடம் கேட்கிறார்.